பெல்ட்டு வாங்கப் போன மனுசன்

அந்தக் காரு வர்றது ஊருக்குள்ள நுழையறதுக்கு முன்னாலயே எங்களுக்குத் தெரிஞ்சிடும். கிரீச்சுன்னு ஒரு சத்தம், கதவுல எலி வால் மாட்டிக்கிட்டாப்புல. நாத்தங்கால்ல குனிஞ்சு களை பொறுக்கிட்டு இருக்குறவ, சத்தம் கேட்டதும் நிமிந்து முந்தானையச் சரி பண்ணிக்குவேன். பண்ணை வர்றாருன்னு அர்த்தம். பண்ணைன்னா துரைராசு. காவேரிக்கரையில, குத்தாலத்துக்கு மேக்க எங்க ஊரு வயல்ல முக்காவாசி அவருது. பச்சைக் கலர்ல ஒரு பழைய லேண்ட்மாஸ்டர் காரு, அதோட மூக்குல ஒரு கொடி. ஆட்சி மாறின வருசமே கொடியும் மாறிடுச்சு. உழுதவனுக்கே நிலம்னு அவரு மேடையில பேசினப்ப நாங்களும்தான் தரையில உக்காந்து கை தட்டினோம். தட்டின கையை அடுப்புல வெக்கணும்.

காரை ஓட்டினவன் என் கூடப் பொறந்த தம்பி அய்யாவு. வினையே அங்கதான் ஆரம்பிச்சுது.

உச்சவரம்புச் சட்டம் வந்துச்சுல்ல, ஒரு குடும்பம் இவ்வளவுதான் நிலம் வெச்சுக்கலாம்னு. பண்ணை என்ன பண்ணினாரு, நிலத்தைத் துண்டு போட்டு சமையக்காரன் பேர்ல கொஞ்சம், கணக்குப்புள்ள பேர்ல கொஞ்சம், டிரைவர் பேர்ல கொஞ்சம்னு எழுதி வெச்சுட்டாரு. எல்லாம் பினாமி. பத்திரம் என்னவோ அவரு பீரோவுலதான் இருந்துச்சு. அப்படி என் தம்பி பேர்ல விழுந்த ஒம்பது மா நிலம், மூணு ஏக்கரு, எது தெரியுமா? எம் மாமனாரு காலத்துல இருந்து நாங்க குத்தகைக்கு உழுதுக்கிட்டு இருந்த ஒம்பது மா. சேதி தெரிஞ்சன்னிக்கு என் வீட்டுக்காரரு, மருதையன்னு பேரு, விழுந்து விழுந்து சிரிச்சாரு. மாப்ள பேர்ல இருந்தா நம்ம பேர்ல இருந்த மாதிரிதானேன்னாரு. அந்த மனுசனுக்கு உலகம் அவ்வளவுதான்.

அப்பறம் குத்தகைக்காரங்க பேரையெல்லாம் சர்க்கார்ல பதிஞ்சுக்கலாம்னு இன்னொரு சட்டம் வந்துச்சு. பதிஞ்சுட்டா எந்தக் கொம்பனும் வெளியேத்த முடியாது. விவசாயச் சங்கத்துல இருந்த கோவிந்தராசு அண்ணன்தான் எங்களுக்கு மனு எழுதிக் கொடுத்தாரு. விசாரணை தஞ்சாவூர்ல. எங்ககிட்ட ரசீது கிடையாது. நெல்லை அளந்து வாங்கிக்கிட்டு ரசீது கொடுத்த பண்ணை இந்தக் காவேரிக்கரையில எங்க இருக்கு? அதனால நிலத்துக்காரன் என்ன சொல்றானோ அதுதான். நிலத்துக்காரன்னா ஏட்டுல என் தம்பி. அவன் வந்து, இவரு குத்தகைக்காரர் இல்ல, கூலிக்கு இருக்குற பண்ணையாள்னு சொல்லிட்டா எங்க கதை முடிஞ்சுது. வராமப் போயிட்டா எங்க பேர் பதிவாயிடும். முன்னாடி ரெண்டு வாய்தாவுக்குப் பண்ணை அவனைக் கூட்டிக்கிட்டுப் போகல, இழுத்தடிக்கலாம்னு பாத்தாரு. அதிகாரிக்குக் கோவம் வந்து, அடுத்த வாய்தாவுக்கும் வரலன்னா மனுதாரர் பேரைப் பதிஞ்சுடுவேன்னு சொல்லிட்டாரு. அதுக்கப்பறம்தான் பண்ணைக்குச் சூடு ஒறைச்சுது.

என் தம்பி நல்லவன்தான். ஆனா தொடை நடுங்கி. பண்ணை முன்னால நின்னா அவனுக்கு நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும். உண்மையைச் சொல்லுடான்னு நான் அழுது பாத்தேன், திட்டிப் பாத்தேன், சோறு போட மாட்டேன்னு கூடச் சொல்லிப் பாத்தேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டே தின்னுட்டுப் போயிடுவான்.

விசாரணைக்கு முந்தின நாளு. ஆவணி மாசம், வாய்க்கா நெறையத் தண்ணி. நான் மதகடியில பாத்திரம் வெளக்கிட்டு இருந்தேன். கத்திக்கிட்டே வந்து காரு நின்னுச்சு. அய்யாவு மட்டும்தான் இருந்தான். ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தணும்னு எறங்கினவன் பானெட்டைத் தூக்கி வெச்சுட்டு உள்ள பாத்துக்கிட்டே நின்னான். என்னடா, தெனமும் இப்படிக் கத்துதேன்னு கேட்டேன். டைனமோ பேரிங்கா இருக்கலாம், தண்ணிப் பம்பா இருக்கலாம், பெல்ட்டாவும் இருக்கலாம், பாத்துடுவோம்னான். இஞ்சினை ஓட விட்டுட்டு, ஒரு சொம்புத் தண்ணி எடுத்து, சுத்துற பெல்ட்டு மேல கொஞ்சம் கொஞ்சமா ஊத்துக்கான்னு சொன்னான். ஊத்தினேன். சட்டுனு சத்தம் அடங்கிடுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு முன்னைவிட மோசமாக் கத்த ஆரம்பிச்சுது. பேரிங்கா இருந்தா தண்ணி ஊத்தினாலும் ஊத்தாட்டியும் ஒரே மாதிரிதான் கத்தும், இது பெல்ட்டு வழுக்குற சத்தம்னான்.

இஞ்சினை நிறுத்திட்டு எனக்குக் காட்டினான். கீழ இஞ்சின் சுத்தி விடுற சக்கரம், மேல ஃபேனும் தண்ணிப் பம்பும் சேந்த சக்கரம், பக்கத்துல கரண்டு குடுக்குற டைனமோ. மூணையும் சுத்தி ஒரே ஒரு பெல்ட்டு. அதைக் கட்டைவெரலால அமுக்கினான், வெரல் முழுசா எறங்கிடுச்சு. திருப்பிக் காட்டினான். உள்பக்கம் பூரா சித்திரை மாசத்து வயல் மாதிரி வெடிச்சுக் கெடந்துச்சு. பக்கவாட்டுல தேஞ்சு பளபளன்னு இருந்துச்சு. ஒரு எடத்துல உள்ள இருந்த நூலு பிரிஞ்சு வெளிய தொங்குது.

இழுத்துக் கட்ட முடியாதான்னு கேட்டேன். டைனமோவை எவ்வளவு தூரம் தள்ளி இழுக்கலாமோ அவ்வளவும் இழுத்தாச்சு, இனிமே எடமில்லைன்னான். குத்தாலத்துல புதுசு வாங்கி மாட்டினா சரியாயிடும். மாட்டாம தஞ்சாவூருக்குக் கெளம்பினா கும்பகோணத்தைத் தாண்டினதும் எங்கயாச்சும் அந்துடும். ஃபேன் நிக்கும், பம்பு நிக்கும், இஞ்சின் கொதிச்சுப் படுத்துடும்.

சொல்லிட்டு பானெட்டைச் சாத்தினான். ரெண்டு பேருக்கும் ஒரே நெனப்புதான், காரு படுத்துட்டா அவன் விசாரணைக்குப் போய்ச் சேர முடியாது.

"பண்ணைகிட்ட சொல்லிட்டேங்க்கா. ஓடுற வரைக்கும் ஓட்டுன்னு சொல்லிட்டாரு."

"அப்ப ஓட்டு"ன்னேன்.

அவ்வளவுதான் பேசினோம். பேசத் தைரியமில்லாத பயலுக்குக் கடவுளாப் பாத்து ஒரு அந்து போற பெல்ட்டைக் கொடுத்திருக்கான்னு நெனச்சேன். அன்னிக்கு ராத்திரி மீன்கொழம்பு வெச்சேன். வீட்டுக்காரருகிட்ட ஒரு வார்த்தை மூச்சு விடல. சொன்னா என்னாகும்? விடிஞ்சதும் நேராப் பண்ணை வீட்டுக்குப் போயி, அய்யா, பெல்ட்டு அந்துடுமாம், மாத்திக்கிட்டுக் கெளம்புங்கன்னு சொல்லிட்டு வந்து நிப்பாரு. அப்படி ஒரு அரிச்சந்திரன். நான் சொல்லாதது தப்புன்னு யாரு சொன்னாலும் இன்னிக்கும் ஒத்துக்க மாட்டேன்.

மறுநாள் காலையில நாங்க ரெண்டு பேரும் பஸ்ஸுக்குக் கெளம்பினோம். அவருக்கு வெள்ளை வேட்டி, நான் கஞ்சி போட்டுத் தொவச்சது. கையில மஞ்சப்பை, அதுக்குள்ள மனு. கும்பகோணம் போற அந்த ஒரு பஸ்ஸை விட்டா அடுத்த பஸ்ஸு விசாரணை முடிஞ்சப்பறம்தான் கொண்டு போய்ச் சேக்கும். ரோட்டுக்கு வந்தா மதகு பக்கத்துல பச்சைக் காரு நிக்குது. பானெட்டு தொறந்திருக்கு, ஆவி வருது.

கும்பகோணத்தைத் தாண்டி அந்து தொலைச்சிருந்தா என் குடும்பம் பொழைச்சிருக்கும். பாழாப்போன பெல்ட்டு எங்க ஊரு எல்லையைக் கூடத் தாண்டல. பெல்ட்டு அந்ததும் ஸ்டீரிங் பக்கத்துல எரியற சிவப்பு வெளக்கைப் பாத்தும் பாக்காத மாதிரிதான் அய்யாவு ஓட்டியிருக்கான், கொதிச்சு ஒரேயடியாப் படுக்கட்டும்னு. பின்னால உக்காந்திருந்த பண்ணைக்குக் கருகுற வாடை வந்து நிறுத்தச் சொல்லிட்டாரு. இப்ப பூவரச மரத்து நெழல்ல கொடையை ஊனிக்கிட்டு நின்னாரு, பஸ்ஸுல ஏறுற ஆளில்ல.

அப்பக்கூட ஒண்ணும் கெட்டுப் போகல. நாங்க பாட்டுக்கு பஸ் ஏறிப் போயிருக்கலாம். பண்ணை எங்ககிட்ட வாயைத் தொறந்து எதுவும் கேக்கல. கேக்கறதுக்கு முன்னாலயே இந்த மனுசன் ஓடினாரு. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, என்ன மாப்ள, என்னாச்சுன்னு பானெட்டுக்குள்ள தலையை விட்டுட்டாரு. பண்ணையோட ஆயில் இஞ்சின்ல தண்ணி எறைச்சு எறைச்சு அவருக்கும் பெல்ட்டுன்னா என்னன்னு தெரியும். அந்து கெடந்ததை எடுத்துப் பாத்துட்டு, பெல்ட்டுதானே, இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறியேன்னாரு. அய்யாவு என்னைப் பாத்தான். இந்தக் காருக்கு பெல்ட்டு மெட்ராஸ்லதான் கெடைக்கும் மாமான்னு ஒரு பொய்யைச் சொல்லிப் பாத்தான். அட போ மாப்ள, குத்தாலத்துக் கடை செவத்துல தொங்குது, நானே பாத்திருக்கேன்னுட்டு, அந்து போன பெல்ட்டை அளவுக்கு எடுத்துக்கிட்டு, டீக்கடைக்காரரு சைக்கிளை வாங்கிட்டாரு.

எங்க பக்கத்துல ஒரு வழக்கம் உண்டு. சேத்துல வண்டி மாட்டிக்கிட்டா யாரு எவருன்னு பாக்காமத் தோளு கொடுக்கணும். வரப்புத் தகராறுல மண்டையை ஒடைச்சுக்கிட்டவன் வண்டியா இருந்தாலும் சரி. தள்ளி விட்டுட்டு அப்பறம் சண்டை போட்டுக்கலாம். அதைத் தாய்ப்பாலோட குடிச்சு வளந்த மனுசன். நான் சைக்கிள் ஹேண்ட்பாரைப் புடிச்சுக்கிட்டேன். பஸ் வந்துடும்ங்க, மொதல்ல அதைப் பாருங்கன்னேன். கையைக் கிள்ளினேன். கண்ணைக் காட்டினேன். பண்ணை நிக்கிற எடத்துல வேற என்ன செய்ய முடியும்?

"வண்டி நடுவழியில நின்னு போச்சுடி. பாத்துக்கிட்டே எப்படிப் போறது?"

பண்ணை அப்பத்தான் வாயைத் தொறந்தாரு. தேனு ஒழுகுது அந்த வாயில.

"போயிட்டு வா மருதையா. நம்ம காருலயே போயிடலாம். ரெண்டு பேரும் ஒரே எடத்துக்குத்தானே போறோம்."

அதைக் கேட்டு இவரு மொகத்துல வந்த சந்தோசத்தை நான் எங்க போய்ச் சொல்ல. பாத்தியாடி, பெரியவரு மனசு மாறிட்டாருன்னு என் காதுகிட்ட சொல்லிட்டு மிதிச்சாரு பாருங்க, கல்யாணத்தன்னிக்குக் கூட அந்த மனுசன் அவ்வளவு வேகமா வரல.

பஸ் வந்துச்சு. கண்டக்டர் விசிலை வாயில வெச்சுக்கிட்டு ஏறுறீங்களான்னு கேட்டாரு. மனு இவரு பேர்ல இருக்கு, நான் மட்டும் போயி என்ன செய்ய? பஸ் போயிடுச்சு. நான் மதகுக் கட்டையில உக்காந்து வேண்டிக்கிட்டேன். கடை பூட்டியிருக்கணும் சாமி, டயர் பஞ்சராகணும், அளவு கெடைக்கக் கூடாது. என் புருசன் கீழ விழுந்து முட்டி பேந்தாலும் பரவாயில்லன்னு கூட வேண்டிக்கிட்டேன். வெக்கத்தை விட்டுச் சொல்றேன்.

மாலையும் கழுத்துமா வந்து எறங்கினாரு. புது பெல்ட்டைக் கழுத்துல மாட்டியிருந்தாரு, ரெண்டு கையாலயும் ஹேண்ட்பார் புடிக்கணும்ல. வெள்ளை வேட்டி பூரா செம்மண்ணு.

அய்யாவு அப்பவும் முட்டுக்கட்டை போட்டுப் பாத்தான், அதைச் சொல்லியாகணும். டைனமோ போல்ட்டு துருப்புடிச்சு இறுகிடுச்சு, கழலாதுன்னான். இவரு டீக்கடையில மண்ணெண்ணெய் வாங்கியாந்து ஊத்தி, ஸ்பேனர் மேல கல்லால ஒரு தட்டுத் தட்டினாரு, கழண்டுக்கிச்சு. டைனமோவை இஞ்சின் பக்கமாத் தள்ளி எடம் பண்ணினாங்க. பெல்ட்டைக் கீழ்ச் சக்கரத்துல மாட்டி, டைனமோவுல மாட்டி, ஃபேன் றெக்கை ஒவ்வொண்ணாத் தாண்டி மேல கொண்டு வந்தா எட்ட மாட்டேங்குது. சின்னதா இருக்கு மாமா, சேராது, திருப்பிக் குடுத்துடுங்கன்னான். எனக்கு உசுரு வந்துச்சு. இவரு புது பெல்ட்டெல்லாம் அப்படித்தான்டா இருக்கும்னுட்டு, விளிம்புல பெல்ட்டைப் புடிச்சுக்கிட்டு ஃபேனைக் கையால மெதுவாச் சுத்தினாரு. லபக்குன்னு பள்ளத்துல போயி உக்காந்துக்கிச்சு.

அப்பறம் வேலியில இருந்து ஒரு கழியை உருவிக் கொடுத்து, டைனமோவை நெம்பி இழுத்துப் புடிச்சுக்கிட்டாரு. அய்யாவு போல்ட்டை முடுக்கினான். இவரு கட்டைவெரலால பெல்ட்டை அமுக்கிப் பாத்துட்டு, இன்னும் கொஞ்சம் இழுக்கணும் மாப்ளன்னாரு. மறுபடி அமுக்கினாரு. வெரலு பாதி எறங்கினாப் போதும், ரொம்ப இறுக்கினா பேரிங் போயிடும்னாரு. காரு ஓட்டுறவன் கடப்பாரையை முழுங்கினாப்புல நின்னான்.

இஞ்சினைப் போட்டதும் சத்தமே இல்ல. சிவப்பு வெளக்கும் அணைஞ்சிடுச்சு. மூஞ்சி பூரா கரியோட இந்த மனுசன் என்னைப் பாத்து, கேட்டியா, எவ்வளவு அமைதியா ஓடுதுன்னு சிரிக்கிறாரு. அடப் பாவி மனுசா.

முன் சீட்டுல மூணு பேரும் நெருக்கிக்கிட்டு உக்காந்தோம். கும்பகோணத்துல ஒரு தடவை நிறுத்தினப்ப எறங்கி பெல்ட்டை அமுக்கிப் பாத்தாரு. தஞ்சாவூர்ல ஆபீஸ் வாசல்ல எறங்கினதும் பண்ணை தன்னோட பையையும் கொடையையும் இவரு பக்கமா நீட்டினாரு. அவரு நீட்டினா இவரு வாங்கிக்குவாரு, இது ரெண்டு தலைமொறைப் பழக்கம். என் புருசன் அதைத் தூக்கிக்கிட்டுப் பின்னால வர, பண்ணையோட வக்கீல் தாவாரத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தாரு.

உள்ள கூப்பிட்டாங்க. சங்கத்துக் கோவிந்தராசு அண்ணன் எங்களுக்கு முன்னாடியே வந்து காத்துக்கிட்டு இருந்தாரு. நாங்க எந்தக் காருல வந்து எறங்கினோம்னு அவரு பாத்துட்டாரு. அவரு மொகம் சுண்டிப் போச்சு.

வக்கீல் நிலத்தைப் பத்தி ஒரு கேள்வி கூடக் கேக்கல. காலையில எதுல வந்தீங்கன்னு கேட்டாரு. அய்யா காருலங்கன்னாரு இவரு. கையில என்ன கரின்னு கேட்டாரு. இவரு ஒண்ணு விடாமப் பெருமையாச் சொன்னாரு, பெல்ட்டு அந்தது, குத்தாலத்துக்கு மிதிச்சது, நெம்பி மாட்டினது எல்லாத்தையும். பண்ணை போகச் சொன்னாரான்னு வக்கீல் கேட்டாரு. இல்லைங்க, நானாத்தான் போனேன்னாரு. அதுக்குக் கூலி கேட்டீங்களான்னாரு.

"அய்யா வண்டிக்குச் செய்யறதுக்குக் கூலி கேப்பாங்களா?"

அது போதும்னு வக்கீல் உக்காந்துட்டாரு. எசமான் சொல்லாமலே எசமான் காரியத்தை இழுத்துப் போட்டுக்கிட்டு ஓடுறவரு பண்ணையாளா, இல்ல எசமான் மேல மனு போட்ட குத்தகைக்காரரான்னு நீங்களே பாத்துக்குங்கன்னு அதிகாரிகிட்ட சொன்னாரு. அதிகாரி இவரு கையைப் பாத்தாரு. அப்பறம் மூலையில இருந்த கொடையையும் பையையும் பாத்தாரு.

கடைசியா அய்யாவுவைக் கேட்டாரு, ஏட்டுல நிலத்துக்காரன் அவன்தானே. இவரு ஒங்க குத்தகைக்காரரான்னு. என் தம்பி என்னைப் பாத்தான். நான் அவனையே பாத்தேன். கண்ணு ரெண்டும் கலங்கிப் போயி, "இல்லைங்க. எங்க பண்ணையில வேலை பாக்குறவரு"ன்னான்.

எங்க பண்ணைன்னு சொன்னான் பாருங்க, என் நிலம்னு வாயில வரல. அதுலயே நிலம் யாருதுன்னு வெட்ட வெளிச்சமாத் தெரியுது. அதிகாரி பேனா கொஞ்சம் நின்னுச்சு. அப்பறம் எழுத ஆரம்பிச்சுடுச்சு. வாக்குமூலத்துல இவரு கைநாட்டு வெக்கறப்ப பியூன் மைப்பெட்டியைத் தேடினான். இருக்கட்டும், அந்தக் கரியே போதும்னாரு அதிகாரி. பெல்ட்டை அமுக்கிப் பாத்த அதே கட்டைவெரலு.

வெளிய வந்ததும் பண்ணை, ஏறிக்க மருதையா, ஊருக்குத்தானேன்னாரு. இந்த மனுசன் கால் அங்க போகுது. நான் சட்டையைப் புடிச்சு இழுத்துக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். மேல மனு போடலாம்னு கோவிந்தராசு அண்ணன் பின்னாலயே வந்து சொன்னாரு, ஆனா அவரு குரல்லயே தெம்பு இல்ல.

பஸ்ஸுல வர்றப்ப இவரு, அந்த வக்கீல் ஏன் பெல்ட்டைப் பத்தியே கேட்டாருன்னாரு. அப்பத்தான் எல்லாத்தையும் கொட்டினேன். மதகடியில தண்ணி ஊத்தினது, அய்யாவு சொன்னது, நான் ஓட்டுன்னு சொன்னது. நாலு பேரு திரும்பிப் பாக்குற மாதிரி கத்தினேன். அவரு மஞ்சப்பையை மடியில வெச்சுக்கிட்டு ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டே வந்தாரு. முன்னாடியே சொல்லியிருக்கலாமேன்னாரு. சொல்லியிருந்தா பஸ்ஸுல போயிருப்பீங்களான்னு கேட்டேன். போயிருப்பேன்னு ஒரு பொய்யாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம். யோசிச்சாரு. ரோட்டுல வண்டி நிக்குதேடின்னாரு. நான் தலையில அடிச்சுக்கிட்டேன்.

அய்யாவு அதுக்கப்பறம் எங்க வீட்டுக்குச் சாப்பிட வரல. நானும் கூப்பிடல.

புரட்டாசியில அதே ஒம்பது மாவுல பண்ணை நடவு வெச்சாரு. நாத்து நான் விட்டது. பறிச்சதும் நான்தான், நட்டதும் நான்தான், கூலிக்கு. வேற எங்க போறது? என் வீட்டுக்காரரு முண்டாசு கட்டிக்கிட்டு நாத்து முடியை வரப்புல இருந்து தூக்கிப் போட்டுக்கிட்டு இருந்தாரு. நான் குனிஞ்சு நட்டுக்கிட்டே பின்னால வர்றேன், எனக்கு முதுகுக்குப் பின்னாலயே கார்க் கதவு சாத்துற சத்தம் கேட்டுச்சு. திரும்பினா பச்சைக் காரு வந்து நிக்குது, பண்ணை எறங்கி வரப்புல நிக்கிறாரு. வந்தது யாருக்குமே தெரியல. முந்தானையைச் சரி பண்ணக்கூட நேரமில்ல எனக்கு.

"பெல்ட்டு நல்லா ஒழைக்குது மருதையா"ன்னாரு.

அவரு முண்டாசை அவுத்துக் கக்கத்துல வெச்சுக்கிட்டு, "ஆமாங்க"ன்னாரு.